அர்ச்சனைச் சீட்டில் ஒரு பெயர்

உளவளத்துணைக்கென்று பிரதேச செயலகத்தில் எங்களுக்கு ஒதுக்கித் தந்த அறை முன்பு களஞ்சியமாக இருந்தது. வெள்ளையடித்து, மூன்று பிளாஸ்டிக் கதிரையும் ஒரு மேசையும் போட்டு முடிந்ததும், சுவரில் என்ன படம் மாட்டுவது என்று பேச்சு வந்தது. மற்ற அறைகளில் பிள்ளையாரோ இலட்சுமியோ இருந்தார்கள். கூட வேலை செய்த கத்தோலிக்கப் பிள்ளை மாதா படம் ஒன்றையும் சேர்த்து மாட்டலாம் என்றாள். அப்படியானால் கஃபா படமும் வேண்டும் என்றார் இன்னொருவர். நான் சுவரை வெறுமையாக விடுவோம் என்றேன். இங்கே வருகிறவர் தன் சாமியைத் தானே கூட்டிக்கொண்டு வரட்டும் என்று எனக்குத் தோன்றியது. வன்னியில் அந்த வேலையைச் செய்த ஆண்டுகள் முழுவதும் அந்தச் சுவர் வெறுமையாகத்தான் இருந்தது.

அதற்கு முன் நான் பாடசாலையில் படிப்பித்தவள். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் என்னை ‘ரீச்சர்’ என்றே கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கப்பட்ட சாந்திகம் போன்ற இடங்களில் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுப்பார்கள். அந்த வழியால் வந்தவர்களில் நானும் ஒருத்தி. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு சேர்ந்தவர்களும் போர்க்காலத்தில் ஒரு நடைமுறையைப் பரவலாக்கியிருந்தார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லச் சொல்வார்கள். அந்தச் சொல் எதுவென்று நாங்கள் தீர்மானிப்பதில்லை. சைவருக்கு ‘ஓம்’ அல்லது ‘ஓம் நமசிவாய’, கத்தோலிக்கருக்குச் செபமாலையோ ‘இயேசுவே இரக்கமாயிரும்’ என்பதோ, முஸ்லிம்களுக்கு ‘சுப்ஹானல்லாஹ்’. சிறுவயதில் யாருடைய மடியில் இருந்து எந்தச் சொல்லைக் கேட்டார்களோ, அந்தச் சொல்லிலேதான் மூச்சு இறங்கும்.

இதை முதலில் நம்பாதவர்களும் உண்டு. சமயத்தை அறைக்குள் விட்டால் அறிவியல் வெளியே போய்விடும் என்று ஒரு பயிற்சியில் வெளியூர் வளவாளர் ஒருவர் எச்சரித்தார். ஆனால் எங்கள் சனம் தன் துயரத்தைச் சமயத்துக்கு வெளியே வைத்துப் பேசுவதே இல்லை. ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார்கள், நெஞ்சுக்குள் எரியுது என்றார்கள். இரண்டாவது சந்திப்பில், ‘முற்பிறப்பில என்ன பாவம் செய்தனோ’ என்றார்கள். இதை ஒதுக்கிவிட்டு எதைப் பற்றிக் கதைப்பது?

எங்கள் சடங்குகளுக்குள் ஒரு கால அட்டவணை இருக்கிறது. செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து வாய்விட்டு அழலாம். காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம். ஒவ்வொரு நாளும் உறவு கூடும், சமையல் நடக்கும், இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். அழுகிறவர் எப்போது அழவேண்டும், எப்போது அடுப்பு மூட்டவேண்டும் என்பதைச் சமூகமே கையைப் பிடித்துச் சொல்லித் தரும். தகப்பன் இல்லாத பிள்ளை ஆடி அமாவாசைக்கும், தாய் இல்லாத பிள்ளை சித்திரா பூரணைக்கும் விரதம் இருக்கும். இதைவிட நேர்த்தியான துக்கப் பராமரிப்பை நான் எந்தப் பாடநெறியிலும் படிக்கவில்லை.

ஆனால் அந்த அட்டவணை தொடங்குவதற்கு ஓர் உடல் வேண்டும். குறைந்தது ஒரு செய்தியாவது வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பிறகு வன்னியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இரண்டும் இல்லை.

அந்தப் பெண் முதலில் வந்தபோது முப்பது வயதைத் தொட்டிருக்க மாட்டாள். போரின் கடைசி நாள்களில் வட்டுவாகலில் கணவன் சரணடைந்து பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் கண்டவள். அதன்பிறகு அவள் போனது மெனிக் பாம் முகாமுக்கு. அவன் போன இடத்தை யாரும் சொல்லவில்லை. நித்திரை இல்லை என்று வைத்தியசாலையில் இருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

“ரீச்சர், நான் பொட்டு வைக்கலாமோ?”

நெற்றியில் பொட்டு இருந்தது. மிகச் சிறியது, ஒட்டுப் பொட்டு. வைத்தும் வைக்காத மாதிரி.

மாமனார் வடமராட்சியில் இருந்தார். மகனுக்கு அந்தியேட்டி செய்யாவிட்டால் ஆன்மா அலையும் என்பது அவருடைய தீராத கவலை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பேரனைக் கீரிமலைக்குக் கூட்டிப்போய்க் கடன் செய்விக்க வேண்டும் என்று கேட்டு ஆளனுப்புவார். அவளைப் பெற்ற தாய்க்கோ சாத்திரி சொன்னதில் நம்பிக்கை. ஆள் தென்திசையில் இருக்கிறார், மூன்று மாதத்தில் தகவல் வரும் என்று சாத்திரி சொல்லி எத்தனையோ மூன்று மாதங்கள் போய்விட்டன. இரண்டு பேரும் அவளை நேசித்தார்கள், இரண்டு பேரும் சமயத்தின் பெயரால்தான் பேசினார்கள். அவள் நடுவில் நின்றாள்.

நான் ‘அவர் இருக்கிறார் எண்டு நினைக்கிறீங்களோ’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஆணைக்குழுக்காரர், பொலிஸ்காரர், பத்திரிகைக்காரர் எல்லாரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

“கோயிலுக்குப் போனா என்ன கேக்கிறனீங்கள் தங்கச்சி?”

“முந்தி அவர் வரவேணும் எண்டு கேட்டனான். இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. அவற்ர பேருக்கு ஒரு அர்ச்சனை மட்டும் செய்யிறன்.”

கைப்பையில் இருந்து ஒரு கட்டை எடுத்தாள். இறப்பர் பட்டி போட்டிருந்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த தாள், நாலாக மடித்த ஒரு கடவுச்சீட்டுப் படப் பிரதி. அவற்றோடு மாதாமாதம் கிழித்த அர்ச்சனைச் சீட்டுகள். மங்கிய நீல மை. பெயர், நட்சத்திரம் அத்தம். சீட்டின் மூலைகளில் சந்தனமும் திருநீறும் ஒட்டி இறுகியிருந்தன. அரசாங்கத்திடம் கேட்டதற்கான தாளும் ஆண்டவனிடம் கேட்டதற்கான தாளும் ஒரே கட்டில்.

பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்கு. இறந்தவர்களுக்கென்றால் மோட்ச விளக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சீட்டு எடுக்கிற இடத்தில் பின்னால் நின்ற ஒருத்தி, ஆளில்லாத பேருக்கு அர்ச்சனையோ என்று கேட்டுவிட்டாளாம். இவள் சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். உள்ளே இருந்த குருக்கள் ஐயா அதைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாராம்: “பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ பிள்ளை, எனக்கு அது போதும்.”

அந்தக் குருக்கள் எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போனவர் அல்லர். அவர் செய்தது உயர்ந்த உளவளத்துணை என்று நான் எங்கும் சொல்வேன். அவளுடைய கணவன் இருக்கிறானா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அவள் நிற்கிற இடத்தில் அவளை நிற்க விட்டார்.

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்த போலின் பொஸ் என்ற ஆய்வாளர், தெளிவில்லாத இழப்பு என்ற ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது. இந்த நிலையில் இருப்பவரை ஒரு முடிவுக்குத் தள்ளக் கூடாது, இரண்டையும் ஒன்றாகத் தாங்கிக்கொள்ளத்தான் துணை நிற்க வேண்டும் என்பது அவர் கண்டது. அதை நான் வாசித்தபோது இந்தப் பெண்ணின் சீட்டுக் கட்டுத்தான் கண்ணில் நின்றது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணாமற்போனதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. ‘செத்துவிட்டார்’ என்று கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. இவளும் அதற்கு விண்ணப்பித்தாள். காலையில் அர்ச்சனை செய்துவிட்டு, அன்று பின்னேரமே வந்து படிவம் நிரப்பினாள். அதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை.

பொட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் ஒட்டுப் பொட்டு போய்க் குங்குமம் வந்தது. மகன் வளர்ந்து பதினாறு வயதில் ஒரு ஆடி அமாவாசைக்குத் தாத்தாவோடு கீரிமலைக்குப் போனான். தாத்தா தன் தகப்பனுக்குக் கடன் செய்யும்போது பக்கத்தில் நின்றான், கேணியில் முழுகினான், வந்தான். தன் தகப்பனுக்கு என்று எதுவும் செய்யவில்லை. அந்த ஏற்பாட்டை அவர்களே பேசி எடுத்தார்கள். மூன்று தலைமுறையும் எங்கள் அறையில் சேர்ந்திருந்து கதைத்த நாளில் நான் தேநீர் ஊற்றிக் கொடுத்ததைத் தவிர அதிகம் செய்யவில்லை. மாமனார் போகும்போது, “அவன் இருந்தா சந்தோசம், இல்லாட்டி சிவன் பார்த்துக்கொள்ளட்டும்” என்றார்.

வைகாசி விசாகத்தில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலுக்கு இந்தப் பெண்களில் பலர் போவார்கள். கடல்நீரில் விளக்கெரிகிற அந்தக் கோயில் முல்லைத்தீவுச் சனத்துக்கு எல்லாமே. “அவவும் புருசனைத் துலைச்சிட்டு நீதி கேட்டவாதானே ரீச்சர்” என்று ஒருத்தி சொன்னாள். 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கியபோது கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் வந்து இருந்தார்கள். வழிபாடும் வழக்காடுதலும் அவர்களுக்கு இரண்டாகப் பிரிந்ததே இல்லை.

எல்லாருக்கும் சமயம் ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் அது உண்மையல்ல. கரையோரத்துக் கடற்றொழிலாளி ஒருவர் 2004 டிசம்பர் 26இல் மகளைக் கையில் இருந்து கடலுக்குக் கொடுத்தவர். நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டும் அவருக்கு ஆறாத கேள்விகள். அதன்பிறகு அவர் தேவாலய வாசலை மிதிக்கவில்லை. கசிப்பு, சண்டை, பிறகு தன்னை மாய்க்க ஒரு முயற்சி. பங்குச் சுவாமியைக் கூப்பிடட்டுமா என்று உறவுக்காரர் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். நம்பிக்கையைக் கணக்கில் எடுக்கும் துணை என்றால், நம்பிக்கையை உதறியவரின் கோபத்துக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். அவரிடம் நான் செபத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மகளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குப் பிடித்த மீன், அவள் போட்டிருந்த நத்தார்ச் சட்டையின் நிறம்.

கன்னியாஸ்திரி ஒருவர் ஒருநாள் எனக்கு விளக்கினார். விவிலியத்துச் சங்கீதங்களில் பல, கடவுளே ஏன் கைவிட்டீர் என்று முறையிடுகிறவை. கடவுளோடு கோபித்துக்கொள்வதும் ஒரு செபம்தான் என்றார். சைவத்தில் பிறந்த எனக்கு அது புதிதாகவும் இருந்தது, பழகியதாகவும் இருந்தது. அதை அந்தக் கடற்றொழிலாளியிடம் நான் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. அவராக ஒருநாள், “நான் அந்தாளோட இன்னும் கோவம் ரீச்சர்” என்றார். யாரோடு என்று கேட்டேன். கையை மேலே காட்டினார். அப்போது மட்டும், கோபிக்கிற அளவுக்கு அங்கே ஆள் இருக்கிறார்போல என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். குடி ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனார். தேவாலயத்துக்கு நவம்பர் 2ஆம் திகதி, இறந்தவர்களுக்காகச் செபிக்கிற நாளில் மட்டும் போவார், கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பிவிடுவார். அது போதும் என்று அவர் முடிவெடுத்தார். எனக்கும் அது போதும்.

நோயும் சமயத்தின் குரலில் பேசும் என்பதை உளவளத்துணையாளர் தெரிந்திருக்க வேண்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவர் ‘கடவுள் என்னைக் கைவிட்டிட்டார், எனக்கு மன்னிப்பே இல்லை’ என்பார். ஊரே அவரைப் பக்தர் என்று போற்றிக்கொண்டிருக்கும். விரதம் விரதமாகப் பிடித்து உடம்பை வற்ற விடுவார். அதை விசுவாசப் பிரச்சினை என்று எடுத்து ஆறுதல் வசனம் சொல்லிக்கொண்டிருந்தால் ஓர் உயிர் போய்விடும். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும்.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஒரு குடும்பம். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், அகதி வாழ்க்கை வாழ்ந்து, நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்தவர்கள். வீட்டுத் தலைவர் இறந்து அவருடைய மனைவி இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும். வீட்டை விட்டு வெளியே வந்து என்னைப் பார்க்க அவருக்கு இயலாது, அதனால் நானே போனேன். அந்த நாள்களை அடைபட்டுக் கிடக்கும் காலம் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் அதை அப்படிச் சொல்லவில்லை. யாருக்கும் முகம் காட்டத் தேவையில்லாத, யாரும் எழும்பு என்று அவசரப்படுத்தாத காலம் அது என்றார். அவருக்குக் கவலையெல்லாம் மகனைப் பற்றித்தான். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் குளிசை எடுக்கிற பையன், றமழானில் நோன்பு பிடிப்பேன் என்று நின்றான். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தாக ஏறக்கூடும். பிடிக்காதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் அவன் குளிசையை விட்டிருப்பான். வைத்தியரிடம் கேட்டோம், பிறகு மௌலவியிடம் போனோம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, நோன்பு பிடிக்க இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று மௌலவி பையனைப் பக்கத்தில் இருத்தி விளக்கினார். எங்கள் வாயால் வந்திருந்தால் தடையாகப் பட்டிருக்கும் ஒன்று, அவர் வாயால் வந்தபோது அனுமதியாகப் பட்டது. அந்த மாதம் முழுக்க நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் கஞ்சி பரிமாறுகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான்.

மறுபக்கத்தையும் கண்டிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளைக்குக் காதில் குரல்கள் கேட்டன. பேய் என்று ஒரு பூசாரி வேப்பங்குழையால் அடித்தார். அதிலிருந்து மீட்கிறோம் என்று ஒரு சபை அவளைக் கூட்டிப்போய், விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு என்று நிறுத்திவிட்டது. வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தபோது அவள் தன் தாயையே அடையாளம் காணவில்லை. கண்ணீரோடு நிற்பவரின் வாசலில் போய் மதம் மாற்றுவதையும், அவரை ‘தாய்ச்சமயத்துக்குத் துரோகம்’ என்று ஒதுக்குவதையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். இரண்டும் துயரத்தில் இருப்பவரைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறவை. ஆனால் அதே பிள்ளை மருந்தில் தெளிந்த பிறகு, எந்தச் சபைப் பாடல் தனக்கு அமைதி தருகிறதென்று சொன்னாளோ, அதைப் பாடவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குளிசையும் பாட்டும் ஒன்றாகப் போயின. தாய் சைவக்காரி. வெள்ளிக்கிழமை தான் கோயிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மகளைச் சபை வாசல்வரை கொண்டுபோய் விடுவா.

தூக்குக் காவடி எடுத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். தடுப்பில் சித்திரவதைப்பட்டு வந்தவர். முதுகில் செடில் குத்தியபோது தனக்கு வலிக்கவில்லை என்றார். “அங்க அவங்கள் நோவைத் தந்தவங்கள். இங்க நானே கேட்டு எடுத்தது, முருகனுக்குக் குடுத்தது” என்றார். எனக்குப் பார்க்கவே பயம். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் தன் உடம்பைப் பற்றி வாய்திறந்து கதைத்தார்.

உளவளத்துணைப் பாடநெறிகளில் இன்று கோட்பாடுகள் நிறையப் படிப்பிக்கிறார்கள். அவற்றோடு அந்தியேட்டி என்றால் என்ன, இத்தா என்றால் என்ன, ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஏன் ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதையும் படிப்பிக்க வேண்டும். அதை ஒரு நாளில் முடிக்கிற தலைப்பாக வைக்காமல், குருக்களையும் சுவாமியையும் மௌலவியையும் வகுப்புக்குக் கூப்பிட்டு இருத்திக் கேட்க வேண்டும்.

கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நித்திரை இல்லை, சாகத் தோன்றுகிறது, குரல் கேட்கிறது என்று உங்கள் வாசலுக்கு ஆள் வந்தால், பூசையைச் செய்யுங்கள், செபியுங்கள், துஆ கேளுங்கள். அதோடு அன்றைக்கே பக்கத்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் அனுப்புங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்தை அழுத்திக் கையில் கொடுங்கள். மருந்தை நிறுத்து என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்களை நம்பி வருகிறவர் அதைக் கடவுள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்.